இரவைக் கேட்காத மருத்துவம்

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல், தமது 62ஆம் வயதில், 66 பக்கங்களில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நடுக்குவாதம் பற்றிய அந்த நூலுக்கு ஆதாரம் ஆறே நோயாளிகள். அவர்களிலும் சிலரைத் தெருவில் வழிமறித்து விசாரித்ததோடு சரி. ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. தெருவில் கண்டவரின் நடை தெரியும், கூன் தெரியும், கை ஆடுவது தெரியும். அவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்பது தெரியாது. அப்படியிருந்தும் பார்க்கின்சன் இரவை விட்டுவிடவில்லை. நோய் முற்றும்போது தூக்கம் கெடுவதையும், உறக்கத்திலேயே கைகால்கள் ஆடத் தொடங்கி நோயாளி பதறி விழித்துக்கொள்வதையும், கடைசிக் கட்டத்தில் ஓயாத உறக்கமும் பிதற்றலும் வந்து சேர்வதையும் எழுதிவைத்தார்.

நோயின் முதல் ஏட்டிலேயே இரவு இருந்தது என்பதை இன்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அதற்கடுத்த ஒன்றரை நூற்றாண்டில் மருத்துவம் பெரும்பாலும் பகலைத்தான் ஆராய்ந்தது. நடுக்கம், விறைப்பு, மந்தம், தள்ளாட்டம் என்று மருத்துவரின் கண்முன் நடப்பவை நோயின் குறிகளாயின. இரவில் நடப்பவை வயதின் கோளாறு, கவலை, கெட்ட கனவு என்று வீட்டாரின் கணக்கில் எழுதப்பட்டன. மருத்துவர்களின் அலட்சியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு பகலில்தான் இயங்குகிறது. நோயாளி அங்கே வருவதும் மாத்திரை போட்டு, உடம்பு இளகி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்ப முடிகிற வேளையில்தான். அவருடைய நல்ல நேரத்தைத்தான் மருத்துவர் பார்க்கிறார்.

இரவைப் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்கு இருந்தது. பாரிஸின் சால்பேட்ரியேர் மருத்துவமனையில் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். அங்கே பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோதான் இந்த நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை நிலைக்கச் செய்தவர். தம் நோயாளிகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்க முடியாமல், தாமாகப் புரளவும் முடியாமல், இரவில் திரும்பத் திரும்ப உதவியாளரைக் கூப்பிட்டுத் திருப்பிவிடச் சொல்வதை அவர் கவனித்தார். பனிக்காலத்திலும் உடம்பு எரிவதாகச் சொல்லிப் போர்வையை உதறுவதைக் கண்டார். நீண்ட ரயில் பயணமோ குதிரைவண்டிப் பயணமோ போய்வந்த நோயாளிகள் உடம்பு தேவலை என்று சொன்னதைக் கேட்டு, விடாமல் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்தார். 1892இல் அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இரவுத் தூக்கம் நன்றாக வருவதையும் ஒரு பலனாகச் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோக, நாற்காலி மூலைக்குப் போயிற்று. 2012இல் அமெரிக்காவில் அந்தச் சோதனையை முறைப்படி செய்து பார்த்தார்கள். அதிர்வு பெற்றவர்களும், அதிர்வே இல்லாமல் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டு சாய்ந்திருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேறினார்கள். நாற்காலி தோற்றது, ஆனால் அதைச் செய்தவர் கேட்ட கேள்வி சரியானது.

இன்னொரு வாய்ப்பும் வந்து போயிற்று. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கனாமோ ஒரு விநோதமான மூளைக்காய்ச்சலை விவரித்தார். சிலர் எழுப்பினாலும் எழாமல் வாரக்கணக்கில் உறங்கினார்கள். சிலருக்குத் தூக்கமே வரவில்லை. பிழைத்தவர்களில் பலர் பின்னாளில் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே விறைத்து, உறைந்துபோனார்கள். இறந்தவர்களின் மூளையைப் பார்த்த எக்கனாமோ, உறக்கத்துக்கும் விழிப்புக்கும் மூளையின் அடித்தளத்தில் தனித்தனி இடங்கள் உண்டு என்று முடிவுகட்டினார். உறக்கமும் அசைவும் ஒரே நோயில் சேர்ந்தே கெட முடியும் என்பது அப்போதே கண்கூடு. சாதாரணப் பார்க்கின்சன் நோயோடு அதைப் பொருத்திப் பார்ப்பதற்குத்தான் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மருந்து கிடைத்த கதையில் நம் பக்கத்துச் செடிகள் இரண்டுக்கு இடமுண்டு. ஒன்று சர்ப்பகந்தா. சித்தம் கலங்கியவர்களை அடக்கி உறங்கவைக்க நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வேர் அது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அதன் பலனை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை காதைத் தொங்கப்போட்டு அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. 1957இல் வெளியான இந்த ஆய்வுதான், மூளையில் டோபமைன் குறைந்தால் அசைவு நின்றுபோகும் என்பதற்கு வழிகாட்டியது. உறக்கத்துக்காகக் கொடுத்த வேர், நடுக்குவாதத்தின் ரகசியத்தைத் திறந்துவிட்டது.

இரண்டாவது செடி பூனைக்காலி. எல்-டோபாவை முதன்முதலில் 1913இல் மார்க்கஸ் குகன்ஹைம் ஐரோப்பிய மொச்சை வகை ஒன்றிலிருந்து பிரித்திருந்தார். அதைத் தாமே விழுங்கிப் பார்த்து வாந்தியெடுத்த மனிதர் அவர். பூனைக்காலி விதையிலும் அதே பொருள் இருப்பதை 1937இல் கண்டு சொன்னவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற சென்னை ஆய்வாளர்கள். சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அந்த வேலை நடந்தபோது, அது எந்த நோய்க்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. அதன்பின் 1961இல் வியன்னாவில் பிர்க்மையரும் ஹோர்னிகீவிச்சும் எல்-டோபாவை நோயாளிகளுக்கு ஊசியில் கொடுத்தார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் டோபாவை வாய்வழி, படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து, படுத்தவர்களை நடக்கவைத்தார். மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது, அதில் சந்தேகமில்லை.

அது பகலின் வெற்றி. நோயாளிகள் நடந்தார்கள், எழுதினார்கள், கடைக்குப் போனார்கள். இரவில் என்ன ஆனார்கள் என்று கேட்ட முதல் ஆய்வுகளில் ஒன்று 1982இல் வந்தது. லெவோடோபா, அதாவது எல்-டோபா, எடுத்துவந்த 100 பேரை நௌசீடா குழுவினர் விசாரித்தபோது 74 பேர் தூக்கக் குறை சொன்னார்கள். 1988இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ லீஸ் குழுவினர் 220 பேரைக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 பேருக்கு இரவில் ஏதோ ஒரு தொல்லை இருந்தது. அதிகம் பேர் சொன்னவை இரண்டு: சிறுநீர் கழிக்கப் பலமுறை எழ வேண்டியிருப்பது, படுக்கையில் புரள முடியாதது. ஷார்க்கோ நூறாண்டுக்கு முன் பார்த்த அதே புரள முடியாமைதான்.

புரண்டு படுப்பதை நாம் ஒரு செயலாகவே நினைப்பதில்லை. தூக்கத்திலேயே நடந்துவிடுகிறது. முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, தோளை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நடக்க வேண்டும். பார்க்கின்சன் நோயில் முதலில் தொலைவதே இந்தத் ‘தானாக’ நடக்கும் தன்மைதான். இரவு எட்டு மணிக்குப் போட்ட லெவோடோபா மாத்திரை, அதை நீடிக்கவைக்கும் கார்பிடோபாவோடு சேர்ந்திருந்தாலும், ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது மருந்து ஏறக்குறைய இல்லை. மனம் விழித்துக்கொண்டது, உடம்பு விழிக்கவில்லை. பருத்தி விரிப்பு வேட்டியைப் பிடித்துக்கொள்கிறது. கனத்த போர்வை காலை அழுத்துகிறது. சிறுநீர் முட்டுகிறது. மனைவியைக் கூப்பிடலாம் என்றால், இந்த நோயில் குரலும் மெலிந்துவிட்டிருக்கும். கூப்பிட்டது அடுத்த அறைக்குக் கேட்காது. விடியும்வரை அப்படியே கிடந்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் கேட்டால், “தூக்கம் சரியில்லை” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாகச் சீட்டில் ஒரு தூக்க மாத்திரை ஏறிவிடும். புரள முடியாதவருக்கு மயக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்கு வைத்தியம் என்று பெயர்.

இதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு கண்டுபிடிப்பு வந்துகொண்டிருந்தது. கனவு காணும் உறக்கத்தை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அடையாளம் கண்டார்கள். மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து ஓடும் உறக்கம் அது. அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் முழுக்கத் தளர்ந்துபோவதை லியோன் நகரில் மிஷெல் ஷூவே காட்டினார். மூளைத்தண்டில் அந்தத் தளர்வுக்குக் காரணமான இடத்தைச் சேதப்படுத்தியபோது, பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து இல்லாத எலியைத் துரத்தின. மனிதரிலும் இது உண்டு என்று 1986இல் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் இருவரும் எழுதினார்கள். அவர்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள், பகலில் சாதுவானவர்கள். கனவில் யாரோ தாக்க வருவார்கள். நிஜத்தில் இவர் கைவீசுவார், உதைப்பார், கட்டிலிலிருந்து பாய்வார். அடி பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு விழும். ஒருவர் தம்மையே கயிற்றால் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

அது ஒரு விநோதமான உறக்கக் கோளாறு என்ற அளவில் நின்றிருக்கும். ஆனால் ஷென்க் தம் நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தார். 1996இல் அவர் சொன்னது: வேறு நோய் எதுவும் இல்லாமல் இந்தக் கோளாறு மட்டுமே இருந்த 29 பேரில் 11 பேருக்குப் பின்னால் பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டது. 2013இல் அதே குழுவைத் திரும்பப் பார்த்தபோது அந்த விகிதம் நூற்றுக்கு 81 ஆகியிருந்தது. 2019இல் ரொனால்ட் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரைக் கணக்கெடுத்தன. ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேலாக பார்க்கின்சன் நோயோ அதன் பங்காளி நோய்களோ வந்தன. 2003இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் முன்வைத்த வரைபடம் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. பலருக்கு நோய் மூளைத்தண்டின் அடியில் தொடங்கி மேலே ஏறுகிறது. உறக்கத்தைக் காக்கும் இடங்களைக் கடந்த பிறகுதான் டோபமைன் சுரக்கும் கருந்திட்டுப் பகுதிக்கு வருகிறது. கை நடுங்குவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே கணவர் தூக்கத்தில் கத்தினார் என்று மனைவிகள் சொன்னதை யாரும் நோயின் வரலாறாக எழுதிக்கொள்ளவில்லை. இன்று அதுதான் வரலாற்றின் முதல் பக்கம்.

ஒரு எச்சரிக்கை. தூக்கத்தில் உளறுபவர் எல்லாருக்கும் இந்தக் கோளாறு இல்லை. மூச்சடைப்போடு கூடிய குறட்டையாலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இதே போன்ற ஆட்டம் வரலாம். உறுதிசெய்ய ஓரிரவு தூக்க ஆய்வு தேவை. உறுதியான பிறகு, வரப்போகும் நோயைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்ற கேள்வி இருக்கிறது. தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சொல்லி என்ன பயன் என்பார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்பதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. அவரைத் தாண்டி மகனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அது நல்ல வழக்கமில்லை.

பகலில் வரும் உறக்கம் மற்றொரு கதை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மருந்துகள் வந்த சில ஆண்டுகளில், 1999இல், எட்டு நோயாளிகள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உறங்கி விபத்துக்குள்ளானதாக நியூயார்க்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எச்சரிக்கை வாசகம் அதற்குப் பின்தான் பலமாக ஏறியது. இந்த மாத்திரை எடுப்பவர் இருசக்கர வாகனம் ஓட்டுகிறாரா என்று நம் மருத்துவர் கேட்காவிட்டால், நாமே சொல்லிவிட வேண்டும்.

2002இல் லண்டனில் கல்லோல் ராய் சௌத்ரியும் சகாக்களும் பார்க்கின்சன் நோயாளிகளின் தூக்கத்துக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார்கள். எத்தனை எளிய காரியம்! 1817க்கும் 2002க்கும் நடுவில் 185 ஆண்டுகள். அந்தக் கேள்விகளைக் கேட்டால்தான் ‘தூக்கம் சரியில்லை’ என்பதற்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பது தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

புரள முடியாததுதான் பிரச்சினை என்றால் தேவைப்படுவது தூக்க மாத்திரை இல்லை. இரவிலும் நிற்கும் டோபமைன் மருந்து. படுக்கும்முன் மெதுவாகக் கரையும் லெவோடோபாவோ, தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டையோ மருத்துவர் யோசிக்கலாம். 2011இல் வெளியான ஆய்வில் 287 பேரிடம் அந்தப் பட்டை விடியற்கால விறைப்பையும் தூக்கத்தையும் மேம்படுத்தியது. செலிஜிலின், அமன்டடின் போன்ற பார்க்கின்சன் மருந்துகள் மாலைக்கு மேல் போட்டால் விழிக்கவைக்கும். காலைக்கு மாற்றினாலே சிலருக்குப் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். கனவில் உதைப்பவருக்கு மெலடோனின் கொடுத்துப் பார்க்கிறார்கள். குளோனசெபாம் பலன் தந்தாலும் வயதானவரை விழவைக்கும், உறக்கத்தில் மூச்சு அடைப்பவருக்கு ஆபத்து. கால் குடைச்சலால் தூங்க முடியாதவருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கும் பங்குண்டு: 2017இல் 31 நோயாளிகளிடம் பகலில் இரண்டு வேளை, தலா ஒரு மணி நேரம், பிரகாசமான ஒளியைக் காட்டியபோது பகல் தூக்கக்கலக்கம் குறைந்து இரவுத் தூக்கம் தேறியது. ஊசி வேண்டாத, விலையில்லாத வெயில் நம் வாசலில் கிடக்கிறது. நோயாளியை இருட்டறையில் தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்துவிட்டு அதை வீணாக்குகிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை மருந்துச்சீட்டில் வராது. தரையில் பாய் வேண்டாம், எழ முடியாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரத்தில் கட்டில் வேண்டும். இடுப்புக்குக் கீழே வழுக்கும் பட்டுத்துணியோ சாட்டின் விரிப்போ போட்டால் புரள்வது லேசாகும். பிடித்து எழ ஒரு கைப்பிடி, குளியலறை வரை மங்கலான விளக்கு, கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வேண்டும். குரல் மெலிந்தவருக்கு ஓர் அழைப்பு மணி வேண்டும். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான், அதன் பயன் பெரிது. தூக்கத்தில் கைவீசுபவரின் கட்டிலருகே கண்ணாடி மேசை, இரும்பு பீரோவின் முனை எதுவும் இருக்கக் கூடாது. மனைவி கொஞ்ச காலம் வேறு கட்டிலில் படுத்தால் அது பிணக்கில்லை, பாதுகாப்பு.

கண்டிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இரவில் இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்று கலங்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு, அவசரத்தில் ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிடுகிறார்கள். டோபமைனை அடைக்கும் மருந்து அது; மறுநாள் அவர் கட்டையாகக் கிடப்பார். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். சரியான வழி, முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்று காரணத்தைத் தேடுவது. மருந்து தேவைப்பட்டால் குறைந்த அளவு குவெட்டியாபின் போன்றவற்றை நரம்பியல் மருத்துவர் முடிவுசெய்வார். கடையில் டப்பாவில் விற்கும் பூனைக்காலிப் பொடியைத் தாமாக வாங்கிச் சேர்ப்பதும் கூடாது. அதில் இருப்பதும் லெவோடோபாதான். எவ்வளவு இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும்.

நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு நரம்பியல் நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, சீட்டு எழுதியாக வேண்டும். பதினைந்து கேள்வி கேட்க நேரமில்லை என்று மருத்துவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருப்பவரிடம் அந்தக் கேள்விகளைத் தமிழில் அச்சிட்ட தாளாகக் கொடுத்து நிரப்பவைக்க ஒரு செவிலியர் போதும். தூக்க ஆய்வுக்கூடம் இல்லாத மாவட்டத்திலும் இதைச் செய்யலாம். இதற்குப் பணமோ கருவியோ தடையில்லை. இரவும் நோயின் பகுதி என்று ஒப்புக்கொள்ளாததே தடை.

அதுவரை பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகுமுன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை முறை எழுந்தார், புரள உதவி கேட்டாரா, கத்தினாரா, உதைத்தாரா, பகலில் எப்போது கண் அயர்ந்தார். இரவில் அவர் பக்கத்தில் படுப்பவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, பகலைப் பற்றிப் பேசுமுன் இரவைப் பற்றிப் பேசுங்கள்.